படிக்கட்டில் விழுந்த நிழல்

கடற்கரைப் பங்கு ஒன்றின் பொன்விழா மலருக்கு வரலாற்றுப் பகுதியைத் தொகுக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தது. பங்கு இல்லத்து அலமாரியில், துருவேறிய பிஸ்கட் டப்பா ஒன்றினுள், இடிக்கப்பட்டுவிட்ட பழைய கோவிலின் படங்கள் கிடந்தன. நாற்பதுக்குக் குறையாது. ஏறத்தாழ எல்லாவற்றிலும் நடுவில் ஆயர், இருபுறமும் குருக்கள், அடுத்த வரிசையில் மாலையணிந்த ஊர்ப் பெரியவர்கள், ஓரத்தில் கைகட்டி நிற்கும் உபதேசியார். அடிக்கல் நாட்டு விழா, கொடியேற்றம், உறுதிபூசுதல், மீண்டும் ஆயர். கோவிலோ இப்படங்களில் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலைபோலவே இருந்தது.

இரண்டு படங்கள் மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை. இரண்டும் உள்ளங்கையில் அடங்குபவை. பின்புறத்தில் பென்சிலால் 1964 என்று எழுதப்பட்டிருந்தது. முதலாவதில் பழைய கோவிலின் முகப்பு முழுவதும் தெரிகிறது. மணிக்கூண்டு சற்றே பின்னால் சாய்ந்தாற்போல் நிற்கிறது. இரண்டாவதில் அதே முகப்பின் படிக்கட்டு மட்டும். மூன்றாம் படியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அருகில் மீன் விற்று முடித்த வெறுங் கடகம். மடியிலிருக்கும் குழந்தையின் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுகிறாள். தன்னை ஒருவர் படமெடுக்கிறார் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை.

நாம் இரண்டையும் ஒதுக்கிவைத்தோம். மலரில் பக்கங்கள் குறைவு. ஆயர்களுக்கே இடம் போதவில்லை. அந்த ஒதுக்கலுக்குப் பரிகாரமாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது என்று வாசகர்கள் கொண்டாலும் பிழையில்லை.

பின்னொரு நாள் அவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கினோம். மணிக்கூண்டின் நிழல் இரண்டிலும் ஒரே படியின் ஒரே விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தூணுக்கும் கதவு நிலைக்கும் இடையே தெரியும் இடைவெளியும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே எடுத்தவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டுக்கும் இடையே சில நிமிடங்களே கழிந்திருக்க வேண்டும். மாறியது லென்ஸ் மட்டுமே. கோவிலைப் பார்த்தவர், அதே இடத்தில் நின்றபடி வேறொரு லென்சைத் திருகிப் பொருத்திக்கொண்டு, கோவிலில் அமர்ந்திருந்தவளைப் பார்த்திருக்கிறார். கட்டடமும் அதில் வாழும் மனிதரும் ஒரே தோளில் தொங்கும் ஒரு சிறு பெட்டிக்குள் வந்து சேர்ந்த வரலாறு நம்மை ஈர்த்தது அன்றிலிருந்துதான்.

தமிழகத்துக் கட்டடங்கள் புகைப்படத்தில் பதிவான கதை வேறு விதமாகத் தொடங்கியது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபுவின் காலத்தில், கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்னும் படை அதிகாரி மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857இன் இறுதியிலும் 1858லும் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று படமெடுத்தார். அவருடைய காமிரா இன்று நாம் காமிரா என்று சொல்லும் பொருளன்று. முக்காலியின்மேல் ஏற்றிவைக்கப்பட்ட ஒரு மரப்பெட்டி. மெழுகு ஏற்றிய காகிதமே அதற்கு நெகட்டிவ். காகிதம் ஒளியை வாங்கிக்கொள்ள நீண்ட நேரம் பிடிக்கும். தஞ்சைப் பெரியகோவில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள அந்தப் படச்சுருளில் சோழர் காலத்து எழுத்துகளை இன்றும் காணலாம். அத்தகைய பொறுமைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் ட்ரைப்பின் படங்களில் மனிதர் மிக அரிது. மதுரையின் மண்டபங்களும் தெப்பக்குளமும் ஊரே வெளியேறிவிட்டாற்போல் கிடக்கின்றன. நீண்ட ஒளிபடு நேரத்தில் நடமாடுபவர் பதிய மாட்டார், நின்றால்தான் பதிவார். கல் நின்றது, பதிந்தது. பூ விற்றவள் நடந்தாள், மறைந்தாள். இதில் ட்ரைப்பின் குற்றம் ஏதுமில்லை. 1859இல் புதிய ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் செலவைக் காரணங்காட்டி அப்பணியையே நிறுத்திவிட்டார் என்பது வேறு கதை.

முக்காலியை இறக்கிவைக்கும் எண்ணம் ஒரு நோயாளிக்கு வந்தது. ஆஸ்கர் பார்னாக் 1879இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள லினோவ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நுண்கருவி செய்வதில் தேர்ந்தவர். யேனா நகரில் ட்ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது துரிங்கியா காடுகளில் நடந்து திரிந்து படமெடுப்பது அவருக்குப் பெரும் விருப்பம். மூச்சிரைப்பு நோயோ அவரை விடவில்லை. கண்ணாடித் தகடுகளும் மரப்பெட்டியும் முக்காலியும் சேர்ந்த சுமையுடன் மலையேற அவரால் இயலவில்லை. சிறிய நெகட்டிவ், பெரிய படம் என்பதே அவர் மனத்தில் ஊன்றிய கருத்து. மூச்சு முட்டியவர் ஒருவரால் உலகம் பார்க்கும் விதமே மாறியது என்று எண்ணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது.

1911இல் பார்னாக், நுண்ணோக்கிகள் செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து வெட்ஸ்லார் நகருக்கு வந்தார். திரைப்படத்திற்கென விற்கப்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளை அவர் எடுத்துக்கொண்டார். திரைப்படக் கருவியில் அச்சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டத்தின் அளவு 18க்கு 24 மில்லிமீட்டர். அவர் அதைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, சட்டத்தை இருமடங்காக்கி, 24க்கு 36 என்று அமைத்தார். இன்றைய டிஜிட்டல் காமிராக்களிலும் முழுச் சட்டம் என்று சிறப்பித்துச் சொல்லப்படுவது அந்த அளவுதான். 1914இல் கைக்கடக்கமான உலோகப் பெட்டி ஒன்று உருவாயிற்று.

வெட்ஸ்லார் லான் ஆற்றங்கரையில் அமைந்த பழைய நகரம். அதன் நடுவே ஒரு பேராலயம் நிற்கிறது. நம் வாசகர்களுக்கு அதைப்பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பேராலயம் என்று பெயரே தவிர, அங்கே ஆயர் ஒருவரும் இருந்ததில்லை. 13ஆம் நூற்றாண்டில் பழைய கோவிலைச் சுற்றிப் புதிய கோவிலை எழுப்பத் தொடங்கியவர்கள், பழையதை இடித்துக்கொண்டே புதியதைக் கட்டிவந்தார்கள். இடையில் பணம் தீர்ந்தது. இன்றும் மேற்கு முகப்பில் முடிவுறாத புதிய கோவிலுக்குப் பின்னே இடிபடாத பழைய கோபுரம் எட்டிப் பார்க்கிறது. (நம் பங்குகளில் பாதியில் நிற்கும் மணிக்கூண்டுகளைப் பார்த்துப் பெருமூச்செறியும் பங்குத்தந்தையருக்கு இச்செய்தி சிறிது ஆறுதலளிக்கலாம்.) சபைப் பிரிவினைக்குப் பின்னர் அந்நகரத்துக் கத்தோலிக்கரும் லூத்தரன் வழி வந்தோரும் ஒரே கூரையின்கீழ் வழிபடுவதென்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். பல நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வேற்பாடு தொடர்கிறது.

இந்தக் கோவில் நிழலில் அமைந்த பழைய தெருக்களில்தான் பார்னாக் தம் புதிய பெட்டியைச் சோதித்தார். இரும்புச் சந்தை என்று பெயர்கொண்ட சதுக்கத்தை அவர் எடுத்த படம் பேர்பெற்றது. மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணம் பூசிய வீடுகள், கல் பாவிய தெரு. வேறு சிறப்பு ஒன்றுமில்லை. ஆயினும் அது தெருவில் நடந்துபோகும் ஒருவரின் கண்மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. முக்காலி விரித்து, கருந்துணி போர்த்தி, ஊரைக் கூட்டிவைத்து எடுத்ததன்று.

1914 ஆகஸ்டு 2ஆம் நாள் முதல் உலகப்போருக்கான படைதிரட்டு ஆணை அந்நகரத்தில் ஒட்டப்பட்டபோது பார்னாக் தெருவில் இருந்தார். ஆணையை ஒட்டிவிட்டு நிற்கும் படைவீரரைப் படமெடுத்தார். 1920இல் லான் ஆறு பெருகி நகரத்துக்குள் புகுந்தபோது, வெள்ளம் சூழ்ந்த தெருக்களைத் தொடர்படங்களாக எடுத்தார். கட்டடம், தெரு, மக்கள், அவர்கள்மேல் வந்து விழும் வரலாறு ஆகிய நான்கும் ஒரே கருவியில் அகப்படும் என்பதற்கு அந்தச் சில சுருள்களே முதற்சான்று எனலாம்.

போரும் பணவீக்கமும் தடுத்தமையால் பத்தாண்டுகள் வீணாயின. 1924இல், இந்தக் காமிரா விற்குமா என்று நிறுவனத்தில் பெரிய வாதம் நிகழ்ந்தது. இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து இசைவளித்தார். 1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் அது மக்கள்முன் வந்தது; லைட்ஸ், காமிரா என்ற இரு சொற்களின் தலைகளை ஒட்டவைத்த பெயர். அதன் லென்சைக் கணித்தவர் மாக்ஸ் பெரெக். அந்த லென்ஸ் காமிராவோடு பிணைந்தது; கழற்ற முடியாது.

1930இல்தான் திருகிக் கழற்றும் லென்ஸ் வந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு லென்சும் அதற்குரிய காமிரா ஒன்றுக்கே பொருந்துமாறு தொழிற்சாலையில் சரிசெய்து தரப்பட்டது. 1931இல் திருகு வாய்க்கும் பிலிமுக்கும் இடைப்பட்ட தொலைவைத் திட்டமாக்கியபின், எந்த லென்சும் எந்தப் பெட்டியிலும் பொருந்தலாயிற்று. 1932இல் வந்த அடுத்த லைக்காவில் தொலைவளவுமானி லென்சோடு இணைக்கப்பட்டது.

கழற்றி மாற்றும் லென்ஸ் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்பட வேண்டும்? குறுகிய சந்து ஒன்றில் கோவில் முகப்பு முழுவதும் அடங்க வேண்டுமாயின் அகன்ற பார்வை தேவை. அம்முகப்பின் உச்சியிலுள்ள சுரூபத்தின் விரல்களைக் காண வேண்டுமாயின் குறுகிய, நெடிய பார்வை தேவை. ஒரே கண்ணால் இரண்டும் இயலா. கட்டடத்தைப் படமெடுப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உயர்ந்த கோபுரத்தைக் காண நாம் தலையை அண்ணாந்தால், மூளை அதை நேராகவே நமக்குக் காட்டும். காமிராவை அண்ணாத்தினாலோ நேர்க்கோடுகள் மேலே செல்லச்செல்ல நெருங்கி, கோபுரம் பின்னால் விழுவதுபோல் பதியும். பழைய பெரிய காமிராவில் பெட்டியை நேராக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தி இதைச் சரிசெய்தார்கள். சிறிய காமிராவுக்கு அந்த வசதியில்லை. நம் பங்குக் கோவிலின் மணிக்கூண்டு 1964இல் சாய்ந்து நின்றதற்குக் காரணம் கொத்தனாரல்லர் என்று இதனால் விளங்கும். 1961இல் ஜப்பானின் நிக்கான் நிறுவனம், தன் அச்சைவிட்டு நகரக்கூடிய 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைச் சிறிய காமிராவுக்கென வெளியிட்டு இக்குறையைத் தீர்த்துவைத்தது. அது விலையுயர்ந்தது, நம் ஊர்ப் பக்கம் வரவில்லை போலும்.

ஆனால் கருவிகளின் வரலாற்றை மட்டும் சொல்லிச்செல்வது அச்சுக்கூடத்தைப் புகழ்ந்து நூலை மறப்பதாகும்.

பிரான்சு நாட்டவரான ஆன்ரி கார்ட்டியே-பிரெசோன் 1932இல் லைக்கா ஒன்றை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 24. அதே ஆண்டில் ஈயேர் என்னும் தென்பிரெஞ்சு ஊரில் அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, சுருண்டு இறங்கும் படிக்கட்டும் அதன் இரும்புக் கைப்பிடியும் தெரிகின்றன. கீழே வளைந்த தெருவில் மிதிவண்டி ஒன்று விரைந்து கடக்கிறது. படிக்கட்டு கட்டடக் கலை. மிதிவண்டி அன்றாட வாழ்வு. மிதிவண்டி இல்லையெனில் அது படிக்கட்டின் படமாக மட்டுமே நின்றிருக்கும். ட்ரைப்பின் கண்ணுக்குத் தப்பியது இங்கே அகப்பட்டுவிட்டது. அவர் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார் என்பதும் குறிக்கத்தக்கது. மாற்றும் வசதி இருந்தும் மாற்றாதிருப்பது ஒருவகைத் துறவு. நம்மால் அது இயலாது.

இரண்டாம் உலகப்போரில் சிறைப்படுமுன் அவர் தம் லைக்காவை வோழ் மலைப்பகுதியில் மண்ணில் புதைத்துவைத்தார். 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, இருமுறை தப்ப முயன்று தோற்று, 1943இல் மூன்றாம் முறை தப்பினார். புதைத்ததைத் தோண்டி எடுத்தார். நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தார் அவர் இறந்துவிட்டார் என்றெண்ணி நினைவுக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1947இல் அக்கண்காட்சி நடைபெற்றபோது அவரே நேரில் இருந்தார்.

அதே ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தவர், 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளைச் சுடப்படுவதற்குச் சிறிது நேரம் முன்புவரை சந்தித்திருந்தார். 1950 ஏப்ரலில் தமிழகம் வந்தார். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு மகரிஷி உயிர்நீத்த வேளையில் வானில் ஒளி ஒன்று கடந்துசென்றதைத் தாம் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அதைப் படமெடுக்கவில்லை, எடுத்திருக்கவும் முடியாது. அங்கிருந்து, அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, பல்லாண்டுகளாகப் படமெடுக்க இசையாதிருந்த அரவிந்தரைப் படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தரும் மறைந்தார். கண்ணை உறுத்தும் பளபளப்பை மறைக்கக் காமிராவின்மேல் கருநிற ஒட்டுநாடா சுற்றியிருந்த மனிதர், மரணப் படுக்கையருகிலும் தவக்கூடத்திலும் இடைஞ்சலின்றி நிற்க முடிந்ததற்கு, அவருடைய பணிவு பாதி, அந்தப் பெட்டியின் சிறுமை பாதி.

கருவி செய்தவர்களைப் பற்றி ஒரு சொல். நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933 முதல் போர் மூளும்வரை, இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் தம் நிறுவனத்தின் யூதப் பணியாளர் பலரையும் அவர்தம் குடும்பத்தாரையும், தொழில்பழகுநர் என்றும் விற்பனையாளர் என்றும் பெயரிட்டு அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு அனுப்பிவைத்தார். அவருடைய மகள் எல்சி கூன்-லைட்ஸ், யூதப் பெண் ஒருவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப உதவியமைக்காக 1943இல் கெஸ்டப்போவினரால் சிறைவைக்கப்பட்டார். அக்குடும்பம் இதை வெளியே பேசிக்கொள்ளவில்லை. ஆயினும் அதே தொழிற்சாலையில் போர்க்காலத்தில் உக்ரைனிலிருந்து கொணரப்பட்ட பெண்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்பதையும் மறைத்தல் தகாது. எல்சி அவர்களுடைய நிலையைத் திருத்த முயன்றதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. ஒரே கூரையின்கீழ் இரண்டும் நிகழ்ந்தன. வரலாறு எழுதுபவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது, ஆயர்களின் படங்களை மட்டும் மலரில் அச்சிட்டதற்கு ஒப்பாகும்.

இனி, நெடுநாளாக நம்மை உறுத்திவரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிக்கட்டிலிருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பாள். சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, குழந்தையை நேராக நிறுத்தி, நாற்பது படங்களில் நாம் கண்ட அதே முகத்தோடு நின்றிருப்பாள். கேட்காமல் எடுத்ததனால்தான் அவள் அவளாக இருக்கிறாள். அதுவே அவளிடமிருந்து ஒன்றைக் கவர்ந்ததும் ஆகும். பெரிய காமிராவுக்கு முன் ஏழையும் ஒரு நொடியேனும் தன் தோற்றத்திற்குத் தானே உரிமையாளனாக இருந்தான். சிறிய காமிரா அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டது. இதற்குப் பொதுவிதி ஏதும் நாம் அறியோம். எடுத்த படத்தை எடுத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே நம் மனம் இசைகிறது, அல்லது கசக்கிறது. இன்று கண்ணாடி நீக்கிய சிறு டிஜிட்டல் காமிராக்கள் ஓசையே இன்றிப் படமெடுக்கின்றன. ஆனால் நம் திருமணத் திருப்பலிகளில் அவற்றை ஏந்தியோர் பீடத்தின் மேற்படியில் ஏறி நின்று, மணமக்களின் முகத்தில் விளக்கடித்து, மக்கள் காணவேண்டிய திருவருட்சாதனத்தைத் தம் முதுகால் மறைக்கிறார்கள். பார்னாக் கண்டிருந்தால் மீண்டும் மூச்சிரைத்திருக்கும்.

அப்படங்களை எடுத்தவர் யார் என்று விசாரித்தோம். அந்நாளில் உதவிப் பங்குத்தந்தையாக ஈராண்டு இருந்த குரு ஒருவர் தோளில் தோல்பை தொங்க மாலை வேளைகளில் கரையில் நடப்பார் என்றும், எதையோ திருகிக் கழற்றி வேறொன்றைத் திருகுவார் என்றும் முதியவர் ஒருவர் நினைவுகூர்ந்தார். அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை இவ்விரண்டே. பிலிம் சுருள்கள் என்னவாயின என்பது யாருக்கும் தெரியவில்லை.

அம்முதியவரே அந்தப் பெண்ணையும் இன்னாரென்று அடையாளம் காட்டினார். அவள் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய மகனைத் தேடிச் சென்றோம். படத்தில் மடியில் இருப்பவர் அவர்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. அவர் வீட்டில் தாயின் படம் ஒன்றுகூட இல்லை. குடும்ப அட்டையில் ஒட்டியிருந்ததும் கடல்நீர் புகுந்த ஆண்டில் போய்விட்டதாம். படத்தைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தாயின் முகத்தை விட்டுவிட்டு, தம் காலைத் தட்டும் அவளுடைய கையையே விரலால் தொட்டுக் காட்டினார்.

பெரிதாக்கித் தர ஸ்டூடியோவுக்கு அவருடன் நாமும் சென்றோம். கணினியில் படத்தை ஏற்றிய இளைஞர், வழக்கம்போல் உதவும் எண்ணத்துடன், முகத்தை மட்டும் தனியே எடுத்துப் பின்னால் நீலத்திரை போட்டுத் தரட்டுமா, படியும் கடகமும் பார்க்க நன்றாயில்லையே என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி, படி இருக்கட்டும். மீன் வித்துட்டு வந்தா அம்மா அங்கதான் உட்காருவாங்க" என்றார் அவர். இளைஞர் தலையசைத்துவிட்டு, நிழல் விழுந்த அந்த மூன்றாம் படியைச் சற்றே வெளிச்சமாக்கத் தொடங்கினார்.